வேலையா, உதவித் தொகையா?

தொரப்பள்ளி என்றதும் பெரும்பாலோர்க்கு ஒரே ஒரு செய்திதான் நினைவுக்கு வரும். ராஜாஜி 1878-ஆம் ஆண்டு டிசம்பர் 10-ஆம் நாள் பிறந்த ஊர் அது. அவர் பிறந்த வீட்டைக் காண வெளியூர் அன்பர்கள் வருகிறார்கள், பார்த்துவிட்டுப் போகிறார்கள். அவர்கள் வந்து சேர்வதற்குள் ஊரின் மற்றொரு காட்சி முடிந்துபோயிருக்கும். பொழுது புலருமுன்பே தொழிற்சாலை வண்டிகளுக்காகச் சாலையோரத்தில் ஆட்கள் காத்து நிற்பதைத்தான் சொல்லுகிறேன். ஓசூரில் 1970-களில் சிப்காட் தொழிற்பேட்டை ஏற்பட்டது. லாரி, மோட்டார் சைக்கிள், கைக்கடிகாரம், இவற்றுக்கான உதிரி உறுப்புகள் என்று தொழில்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. அதன் பின்னர் எங்கள் பக்கத்துக் கிராமங்களில் நாளைச் சூரியனைக் கொண்டு கணக்கிடுவது போய், ஷிப்டைக் கொண்டு கணக்கிடுவது வந்தது. உழவர் வீட்டுப் பிள்ளை ஒரு வாரம் காலையில் வேலைக்குப் போவான். மறு வாரம் பிற்பகலில் போவான். அதற்கும் மறு வாரம் ஊர் உறங்கும் வேளையில் போவான்.

அந்த வண்டிகளில் இருபது ஆண்டுகளுக்கு மேல் ஏறி இறங்கியவன் நான். கடைசல் எந்திரத்தில் வேலை செய்தவன். எனக்கு இருமுனை மனநோய் உண்டு. எனக்கு நீரிழிவு உண்டு என்று சொல்ல இன்று யாரும் கூசுவதில்லை. அதே முறையில் நானும் இதைச் சொல்லிவிட்டு மேலே போகிறேன். இந்த நோய் உள்ள ஒருவர் உழைத்துப் பிழைப்பதா, அல்லது ஊனமுற்றோர்க்கு அரசு தரும் உதவியைக் கோரிப் பெறுவதா என்பதே நான் பேச எடுத்துக்கொண்ட பொருள். மருத்துவர்களும் சட்ட அறிஞர்களும் இதைப்பற்றி என்னைவிட நன்றாகப் பேசக் கூடும். ஆனால் மாதக் கடைசியில் அரிசிப் பானையைப் பார்த்துக்கொண்டு இதை முடிவு செய்ய வேண்டியிருந்தவன் என்ற முறையில் எனக்கும் சில செய்திகள் தெரியும்.

நோயின் இயல்பை முதலில் சொல்லிவிடுகிறேன். மனிதர் எல்லோர்க்கும் மகிழ்ச்சியும் வருத்தமும் உண்டு. அவை காரணத்தோடு வந்து, காரணம் நீங்கியதும் தணியும். இந்நோயில் அவை காரணமின்றியே வருகின்றன. வந்தால் வாரக்கணக்கிலும் மாதக்கணக்கிலும் தங்குகின்றன. எழுச்சி வரும்போது உறக்கம் தேவைப்படுவதில்லை. இரண்டு மணி நேரம் கண்ணை மூடினால் போதும். உடம்பில் களைப்பே தெரியாது. எண்ணங்கள் ஒன்றையொன்று துரத்திக்கொண்டு ஓடும். பேச்சு நில்லாது. கையிலுள்ள பணமும் நில்லாது. கையில் இல்லாத பணத்தையும் கடன் வாங்கிச் செலவிடத் தோன்றும். சோர்வு வரும்போது இதற்கு நேர்மாறு. படுக்கையைவிட்டு எழுவதே மலையேறுவது போல் ஆகிவிடும். சோறு மண்ணாக இருக்கும். தான் ஒருவன் இருப்பதே மற்றவர்களுக்குப் பாரம் என்ற எண்ணம் வந்து உட்கார்ந்துகொள்ளும். பெரும்பாலோர்க்கு எழுச்சியைவிடச் சோர்வே வாழ்நாளில் அதிக நாட்களை விழுங்குகிறது.

1899-இல் ஜெர்மானிய மருத்துவர் எமில் கிரேப்பலின் இவ்விரண்டும் ஒரே நோயின் இரு முகங்கள் என்று எழுதினார். 1949-இல் ஆஸ்திரேலியாவில் ஜான் கேட் என்ற மருத்துவர், லித்தியம் என்னும் உப்பு எழுச்சியைத் தணிக்கிறது என்று கண்டார். இன்று வேறு மருந்துகளும் இருந்தாலும் அந்த உப்பு தன் இடத்தை இழக்கவில்லை. நம் நாட்டில் 2015-16-இல் பெங்களூர் நிம்ஹான்ஸ் நிலையம் தமிழ்நாடு உட்படப் பன்னிரண்டு மாநிலங்களில் நடத்திய தேசிய மனநல ஆய்வின்படி, வயதுவந்தோர் ஆயிரம் பேரில் மூவர் அச்சமயம் இந்நோயோடு இருந்தார்கள். வாழ்நாளில் எப்போதேனும் அதைக் கண்டவர்கள் ஐவர். சிறு தொகைதான். என்றாலும் ஓசூர் போன்ற ஒரு நகரத்துக்கு இந்தக் கணக்கைப் பொருத்திப் பார்த்தால், ஒவ்வொரு தெருவிலும் இல்லாவிட்டாலும் ஒவ்வொரு பேட்டையிலும் சிலர் இருப்பார்கள் என்பது விளங்கும்.

நேயர்கள் இங்கே முக்கியமாக மனத்தில் கொள்ள வேண்டியது எழுச்சியையும் அன்று, சோர்வையும் அன்று. அவ்விரண்டுக்கும் நடுவே உள்ள காலத்தை. மருந்து ஒத்துக்கொண்டவர்க்கு அந்த நடுக்காலம் ஆண்டுக்கணக்கில் நீளும். அப்போது அவர் மற்ற எவரையும் போல வேலை செய்வார். நூலில் ஒரு பங்கு பிசகாமல் இரும்பைக் கடைவார். பார்த்தவர்கள் நம்ப மாட்டார்கள், இவருக்கா நோய் என்று. கை போனவருக்கு நேற்றும் கை இல்லை, நாளையும் இல்லை. இந்த நோயாளியோ தை மாதத்தில் ஒருவராகவும் ஆடி மாதத்தில் வேறொருவராகவும் இருக்கிறார். வேலை தருகிறவரும் சரி, உதவி தருகிற அரசும் சரி, ‘நீ யார்? உழைக்க வல்லவனா, மாட்டாதவனா? ஒன்றைச் சொல்’ என்று கேட்டால் அவர் எதைச் சொல்வார்?

உறவினர்கள் இதில் இரண்டு கட்சியாகப் பிரிவார்கள். ‘உடம்புக்கு ஆகாத வேலை எதற்கு? சர்க்கார் பணம் தருகிறதாம். எழுதிப் போட்டு வாங்கிக்கொண்டு வீட்டோடு இரு’ என்பது ஒரு கட்சி. ‘சான்றிதழ் என்று வாங்கினாயோ, பைத்தியம் என்று முத்திரை குத்தியாயிற்று, நாளைக்கு உன் தங்கையை யார் கட்டிக்கொள்வார்கள்?’ என்பது மறு கட்சி. எங்கள் வீட்டில் முதற்கட்சிக்குப் பெரியப்பாவும் மறு கட்சிக்கு அம்மாவும் தலைமை வகித்தார்கள். இரு கட்சியாரும் என்மேல் அன்புள்ளவர்களே. ஆனால் இருவரும் ஒரே ஓர் எண்ணத்தின்மேல் நின்றுகொண்டுதான் வாதாடினார்கள். வேலை, உதவி இரண்டில் ஒன்றை வாழ்நாள் முழுமைக்கும் ஒரே தடவையில் பொறுக்கிக்கொள்ள வேண்டும் என்பது அந்த எண்ணம். நோயே ஒரு நிலையில் நில்லாதபோது, அதற்கான ஏற்பாடு மட்டும் ஒரே நிலையில் நிற்க வேண்டும் என்பது எனக்கு ஒவ்வவில்லை. இன்னும் ஒவ்வவில்லை.

இனிக் கணக்குக்கு வருவோம். உதவி என்றால் எவ்வளவு? தமிழக அரசின் வருவாய்த் துறை வழியாக மாற்றுத் திறனாளிகளுக்குத் தரப்படும் மாத ஓய்வூதியம் 2023 ஜனவரி முதல் 1,000 ரூபாயிலிருந்து 1,500 ரூபாயாக உயர்த்தப்பட்டது. மத்திய அரசு 2009-இல் தொடங்கிய இந்திரா காந்தி ஊனமுற்றோர் ஓய்வூதியத் திட்டத்தில் மத்திய அரசின் பங்கு 300 ரூபாய். அதுவும் வறுமைக் கோட்டுக்குக் கீழ் இருந்து, ஊனம் 80 சதவிகிதமோ அதற்கு மேலோ இருப்பவர்களுக்குத்தான். இந்தத் தொகைகளை நான் இழிவாகச் சொல்லவில்லை. ஒரு வழியும் இல்லாத கிழவிக்கு அந்த 1,500 ரூபாய் மருந்தும் அரிசியுமாக ஆகிறது. ஆனால் பிள்ளைகள் படிக்கும் குடும்பத்தில், சம்பளம் வாங்கிக்கொண்டிருந்த ஒருவர், ‘வேலையை விட்டுவிட்டு இதை வாங்கிக்கொள்ளலாமா?’ என்று நினைப்பதற்குரிய தொகை அதுவன்று. நம் நாட்டில் இந்தக் கேள்விக்கு விடை காணும்போது முதலில் ஒப்புக்கொள்ள வேண்டிய உண்மை இது. மேல்நாடுகளில் இக்கேள்வி வேறு விதமானது. அதைப் பின்னால் சொல்லுகிறேன்.

அப்படியானால் நோய் முற்றியிருக்கும் மாதங்களில் என்ன செய்வது? இங்கேதான் பலர் அறியாத ஒரு வழி இருக்கிறது. சம்பளச் சீட்டில் ஈ.எஸ்.ஐ. என்று ஒரு சிறு தொகை பிடிக்கிறார்களே, அதை நம் தொழிலாளர்கள் காய்ச்சலுக்கு மாத்திரை வாங்கவும் மனைவியின் பிரசவத்துக்கும் உரியதென்று மட்டும் எண்ணுகிறார்கள். 1948-ஆம் ஆண்டுச் சட்டத்தால் அமைந்து, 1952 பிப்ரவரி 24-இல் கான்பூரிலும் டில்லியிலும் தொடங்கிய திட்டம் அது. அதன்படி நோயுற்று வேலைக்கு வர இயலாத தொழிலாளிக்கு ஆண்டில் 91 நாள் வரையில் சராசரிக் கூலியில் 70 சதவிகிதம் கிடைக்கும். அதற்கு மேலும் ஒரு படி உண்டு. காசநோய், புற்றுநோய் போன்ற நீண்ட நாள் நோய்களுக்கென ஒரு பட்டியல் வகுத்து, அவற்றுக்கு மட்டும் 80 சதவிகிதம் கூலியை, தேவையானால் இரண்டு ஆண்டு வரையில் தருகிறார்கள். ‘நீட்டித்த நோய்க்கால உதவி’ என்று அதைச் சொல்லலாம். அந்தப் பட்டியலில் மனநோய்கள் என்ற தலைப்பின் கீழ், எழுச்சியும் சோர்வும் மாறி மாறி வரும் இந்த நோயும் அதன் பழைய பெயரில் இருக்கிறது.

எனக்கு இது தெரிய வந்தது 2014-இல். அதற்கு ஐந்து ஆண்டுகளுக்கு முன்னரே நோய் இன்னதென்று தெரிந்து மருந்து உட்கொண்டு வந்தேன். அவ்வாண்டு மழைக்காலத்தில் ஒரு பெரும் சோர்வு வந்து அமுக்கியது. அப்போது என் சம்பளம் 14,000 ரூபாய். முதல் மூன்று மாதம், மாதம் ஒன்றுக்குச் சுமார் 9,800 ரூபாயும், அதன் பின்னர் சுமார் 11,200 ரூபாயும் வந்தன. அந்நாளில் மாநில அரசின் ஊனமுற்றோர் ஓய்வூதியம் 1,000 ரூபாய். இவ்விரண்டு எண்களையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தால், வேலையில் பெயர் இருப்பதன் மதிப்பு விளங்கும். மொத்தம் ஏழு மாதம் வீட்டில் இருந்தேன். நோய்க்கால உதவி பெறுகிற தொழிலாளியை அக்காலத்தில் வேலையிலிருந்து நீக்கவோ தண்டிக்கவோ கூடாது என்று அச்சட்டத்தின் 73-ஆம் பிரிவு சொல்லிற்று. எட்டாம் மாதம் என் எந்திரத்தின் முன் போய் நின்றேன். அது எனக்காகக் காத்திருக்கவில்லை என்றாலும், பக்கத்து எந்திரம் கிடைத்தது. 2025 நவம்பர் 21 முதல் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பு அந்தப் பழைய சட்டத்தின் இடத்தில் வந்திருக்கிறது. நோய்க்கால உதவி அதிலும் இடம்பெற்றிருக்கிறது.

இதற்கு நிபந்தனைகள் உண்டு. நீட்டித்த உதவிக்குத் தொடர்ந்து இரண்டு ஆண்டு காப்பீட்டில் இருந்திருக்க வேண்டும், அந்த இரண்டாண்டில் குறைந்தது 156 நாளுக்குச் சந்தா கட்டியிருக்க வேண்டும், ஈ.எஸ்.ஐ. மருத்துவரின் சான்று தவறாமல் போய்ச் சேர வேண்டும். வேலையில் பட்ட காயத்துக்கென்று தனியே ‘ஊன உதவி’ என ஒன்று அத்திட்டத்தில் இருக்கிறது. அது கூலியில் 90 சதவிகிதம். பெயரைப் பார்த்துவிட்டு அதற்கு எழுதிப் போட்டு, மறுக்கப்பட்டுச் சோர்ந்து போனவர்களை அறிவேன். மனநோய் எந்திரத்தில் அடிபட்ட காயம் ஆகாது. கேட்க வேண்டியது நோய்க்கால உதவியைத்தான்.

இந்த வழியை அடைத்துவிடும் காரியம் ஒன்று உண்டு, அதுதான் ராஜினாமா. எழுச்சியில் இருப்பவன், ‘இந்த வேலை எனக்குத் தகுதியானதா? நானே ஒரு பட்டறை போடுகிறேன்’ என்று கடிதம் எழுதுகிறான். சோர்வில் இருப்பவன், ‘நான் இருந்து என்ன பயன்? இன்னொருவனுக்காவது இடம் கிடைக்கட்டும்’ என்று எழுதுகிறான். முன்னதில் கையெழுத்து பெரியது, பின்னதில் சிறியது; பலன் ஒன்றே. கடிதம் ஏற்கப்பட்டால் சந்தா நின்றுபோகிறது; சிறிது காலத்தில் உரிமையும் நின்றுபோகிறது. என்னோடு ஒரே வண்டியில் வந்த பாகலூர்ப் பக்கத்து நண்பர் ஒருவர் அப்படி எழுதிக் கொடுத்தார். பத்து நாளில் கடிதம் ஏற்கப்பட்டது. இரண்டு மாதத்தில் அவர் தெளிந்தார். தெளிந்தபோது வேலை இல்லை, காப்பீடு இல்லை, பட்டறைக்கு என்று வாங்கிய கடன் மட்டும் இருந்தது. தொழிற்சாலையார் அவருக்கு நோய் என்று அறிந்திருக்கவில்லை. அவரும் சொல்லியிருக்கவில்லை. யாரைக் குறை சொல்வது? நோய்க்காலத்தில் உதவி கேட்கலாம், விடுப்புக் கேட்கலாம். வேலையா உதவியா என்ற பெரிய முடிவை மட்டும் நடுக்காலம் வரும்வரை ஒத்திப்போட வேண்டும் என்பது என் கருத்து. மனம் தெளிந்திருக்கும்போதும் அது கடினமான முடிவுதான்.

அடுத்தது சான்றிதழ். 2016-ஆம் ஆண்டு மாற்றுத் திறனாளிகள் உரிமைச் சட்டம் 2017 ஏப்ரல் 19-இல் நடப்புக்கு வந்தது. அது 21 வகை ஊனங்களைக் கூறுகிறது. மனநோய் அவற்றுள் ஒன்று. 1995-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் மனநோய் இருந்தது. ஆனால் வேலை ஒதுக்கீட்டில் அதற்கு இடம் இல்லை. புதிய சட்டம் அரசு வேலைகளில் நூற்றுக்கு நான்கு இடத்தை மாற்றுத் திறனாளிகளுக்கென ஒதுக்கி, அதில் ஓரிடத்தை மனநோய், அறிவுசார் குறைபாடு முதலிய சில பிரிவினர்க்குச் சேர்த்துக் கொடுத்தது. இந்தச் சலுகைகளுக்கு ஊனம் 40 சதவிகிதமாவது இருக்க வேண்டும்.

மனத்தின் ஊனத்தைச் சதவிகிதத்தில் அளப்பது எப்படி? கேட்டவுடன் சிரிப்பு வரும். இந்திய மனநல மருத்துவர் சங்கம் 2002-இல் ஓர் அளவுகோல் வகுத்தது. தன் உடம்பைத் தான் பேணுதல், பிறரோடு பழகுதல், சொல்வதைப் புரிந்துகொண்டு பேசுதல், வேலை செய்தல் ஆகிய நான்கு துறைகளுக்கும் தனித்தனியே சுழியிலிருந்து நான்கு வரையில் மதிப்பெண். நோய் எத்தனை ஆண்டாக இருக்கிறது என்பதற்கு மேலும் நான்கு வரையில். மொத்தம் இருபதில் ஏழு வந்தால் 40 சதவிகிதத்தை எட்டியதாகும். பள்ளிக்கூடத்தில் மதிப்பெண் குறைந்தால் வருந்துவோம்; இங்கே கூடினால் வருந்த வேண்டுமா, குறைந்தால் வருந்த வேண்டுமா என்று தெரியாமல் மருத்துவமனைப் பெஞ்சில் உட்கார்ந்திருப்போம். இருமுனை நோயாளிக்கு இந்த அளவுகோலில் ஒரு தனிச் சங்கடம் உண்டு. நடுக்காலத்தில் போனால் தலை வாரி, சட்டைக்குப் பொத்தான் போட்டு, கேட்டதற்கு விடை சொல்வார், மதிப்பெண் குறையும். நோய்க்காலத்தில் போக வேண்டும் என்றால், அப்போது அவரால் போக முடிவதில்லை. ஆகையால் மருத்துவமனைச் சீட்டுகள், சேர்க்கைக் குறிப்புகள், வேலைக்குப் போகாத நாட்களின் கணக்கு ஆகிய பழைய தாள்களே அவருக்காகப் பேச வேண்டும். கூடவே இருந்து பார்த்த மனைவியோ தாயோ உடன் போவது மிகவும் நல்லது. நான் 2019-இல் போனபோது என் மனைவிதான் பேசினாள். நான் மறந்துபோயிருந்தவற்றையெல்லாம் தேதியோடு சொன்னாள்.

இந்தச் சங்கடம் நீதிமன்றம் வரையில் போயிருக்கிறது. டில்லி நீதித்துறைப் பணிக்கான தேர்வை, இருமுனை மனநோய் உள்ள சட்டப் பட்டதாரி ஒருவர் மாற்றுத் திறனாளிகள் ஒதுக்கீட்டில் எழுதினார். அவர் கையில் 45 சதவிகிதச் சான்றிதழ் இருந்தது. தேர்வு நடத்தியவர்கள், நோய் இப்போது தணிந்திருக்கிறது, ஆகவே இது நிலையான ஊனம் ஆகாது என்று சொல்லி இடம் மறுத்தார்கள். 2020 மே 8-ஆம் நாள் டில்லி உயர்நீதிமன்றத்தின் நீதிபதிகள் அந்த மறுப்பை ஏற்கவில்லை. மருந்தால் தணிந்திருப்பது நோய் நீங்கிவிட்டதாக ஆகாது என்ற கருத்து அத்தீர்ப்பில் வலுப்பெற்றது. நலமாக இருப்பதால் உனக்கு உரிமை இல்லை, நோய் இருப்பதால் உனக்கு வேலை இல்லை என்ற இருதலைக் கொள்ளிக்கு இடையே அகப்பட்ட எறும்புக்கு அத்தீர்ப்பு ஒரு வழி விட்டது எனலாம்.

சான்றிதழ் வாங்கினால் வேலையை விட வேண்டும் என்று எண்ணுவது தவறு. எங்கள் அம்மாவுக்கு இதைப் புரியவைக்க ஒரு மாதம் ஆயிற்று. சான்றிதழ் வேறு, ஓய்வூதியம் வேறு. சான்றிதழை வைத்துக்கொண்டே வேலை செய்யலாம். வேலையில் இருப்பதற்கே அது துணை செய்யலாம். ஓர் எடுத்துக்காட்டு: ஈ.எஸ்.ஐ.-யில் இருப்பதற்கான சம்பள உச்சவரம்பு 2017 ஜனவரியில் 21,000 ரூபாய் ஆயிற்று. மாற்றுத் திறனாளிகளுக்கு அது 25,000 ரூபாய். சம்பளம் 22,000 ஆனதும் மற்றவர்கள் காப்பீட்டை இழந்தார்கள். சான்றிதழ் வைத்திருந்தவர் இழக்கவில்லை. நோய்க்கால உதவியை நம்பியிருப்பவர்க்கு இது சிறு செய்தியன்று. எனக்கு அந்தச் சான்றிதழ் பயன்பட்டதும் இந்த வகையில்தான்.

அரசு வேலையில் இருப்பவர்க்குச் சட்டம் இன்னும் வலிய அரண். பணிக்காலத்தில் ஊனம் வந்தால் அவரை நீக்கவோ பதவி குறைக்கவோ கூடாது, அந்த வேலை ஆகாதென்றால் அதே சம்பளத்தில் வேறு வேலை தர வேண்டும் என்று 20-ஆம் பிரிவு கூறுகிறது. தனியார் தொழிற்சாலைக்கு அந்தப் பிரிவு பொருந்தாது. சம வாய்ப்புக் கொள்கை ஒன்றை எழுதி வெளியிட வேண்டும் என்ற 21-ஆம் பிரிவுதான் அவர்களைக் கட்டும். எங்கள் பக்கத்துத் தொழிலாளிகளுள் அந்தக் கொள்கைத் தாளைக் கேட்டுப் பார்த்தவர் மிகச் சிலர். கேட்டுப் பார்க்கலாம், கேட்பதற்குச் செலவில்லை.

வேலையே செய்வதென்று முடிவானால் எந்த வேலை என்பது அடுத்த கேள்வி. இங்கே ஓசூர் வட்டாரத்துக்கே உரிய ஓர் இடர் இருக்கிறது. இந்த நோய்க்கு உறக்கக் குறைவைப் போன்ற பகை வேறில்லை. தொடர்ந்து சில இரவுகள் கண் விழித்தால், அடங்கியிருந்த எழுச்சி எழுந்துவிடக் கூடும். வாரத்துக்கு ஒரு ஷிப்டாக மாறும் முறை, உடம்பின் கடிகாரத்தை வாரந்தோறும் கழற்றி மாட்டுவது போன்றது. எனவே இரவு ஷிப்டிலிருந்து விலக்குப் பெறுவது மருந்துக்கு அடுத்த மருந்து. இரவுப் படியை இழக்க வேண்டிவரும்; இழக்கலாம். லித்தியம் உட்கொள்பவர்க்கு மேலும் ஒரு கவனம் வேண்டும். உடம்பில் நீர் வற்றினால் இரத்தத்தில் அந்த உப்பின் அளவு ஏறி நஞ்சாக மாறக் கூடும். உலைக்களத்திலும் வார்ப்படச் சாலையிலும் வியர்த்துக் கொட்டும் வேலை அவருக்கு ஏற்றதன்று. பிழைப்பு அதுதான் என்றால் தண்ணீரும் உப்பும் குறையாமல் பார்த்துக்கொண்டு, மருத்துவர் சொன்ன நாளில் இரத்தச் சோதனை செய்துகொள்ள வேண்டும். சிலருக்கு விரல்கள் இலேசாக நடுங்கும். கைக்கடிகாரத்தின் உறுப்புகளைச் சேர்க்கும் வேலையில் அந்த நடுக்கம் வெளிப்பட்டுவிடும். பண்டகசாலையில் கணக்கு எழுதும் வேலையில் ஒருவரும் அறியமாட்டார்கள். என் விரலும் நடுங்கிற்று. கடைசலிலிருந்து பண்டகசாலைக்கு மாற்றிக்கொண்டேன். கடையும் இரும்பின் ஓசையை விட்டுப் போனதில் எனக்கு வருத்தம் உண்டுதான்.

இவ்விலக்குகளைக் கேட்பதற்கு நோயைச் சொல்ல வேண்டுமே, சொல்லலாமா? இதற்கு ஒரே விடை இல்லை. எல்லாரிடமும் சொல்ல வேண்டியதில்லை. ஒருவரிடமும் சொல்லாமல் இருப்பது ஆபத்து. நான் என் மேற்பார்வையாளரிடமும் தொழிலாளர் நல அதிகாரியிடமும் சொன்னேன். ‘நரம்புத் தளர்ச்சிக்கு மருந்து சாப்பிடுகிறான்’ என்று மற்றவர்களிடம் அவர்களே ஒரு பெயர் வைத்துக்கொண்டார்கள். நான் திருத்தவில்லை.

இதுவரை சொன்னவை எல்லாம் சம்பளச் சீட்டு உள்ளவர்க்கு. அது இல்லாதவர் நிலை? எங்கள் தெருவில் ஒரு சகோதரி ரோஜாப்பூப் பசுமைக் குடிலில் நாட்கூலிக்குப் போகிறாள். அவளுக்கும் இதே நோய். போன நாளுக்குக் கூலி, போகாத நாளுக்கு ஒன்றும் இல்லை, காப்பீடும் இல்லை. காண்ட்ராக்டர்களின் கீழ் வேலை செய்யும் பலருக்கு ஈ.எஸ்.ஐ. பிடித்தம் இருந்தாலும், ஆறு மாதத்துக்கு ஒரு காண்ட்ராக்டர் என்று பெயர் மாறிக்கொண்டே இருப்பதால் இரண்டு ஆண்டுத் தொடர்ச்சி அறுந்துபோகிறது. காப்பீட்டு எண் ஒன்றே என்பதைச் சொல்லி, பழைய எண்ணையே புதிய காண்ட்ராக்டரிடம் கொடுத்தால் ஓரளவு காக்கலாம். இந்தச் சகோதரிக்கு அதுவும் இல்லை. ஆகவே அவளுக்குச் சான்றிதழும் மாத ஓய்வூதியமுமே வழி என்று நானே சொன்னேன். ‘அண்ணா, அதை வாங்கினால் தோட்டத்துக்குப் போகக் கூடாதாமே? நான் நல்லா இருக்கிற மாசத்திலே என்ன செய்வேன்?’ என்று கேட்டாள். நான் இவ்வளவு நேரம் பேசியதன் சாரம் அந்தக் கேள்வியில் இருக்கிறது. அந்த ஓய்வூதியம் வழியற்றோர்க்கு என்று வகுக்கப்பட்டது. நல்ல மாதத்தில் உழைத்து, கெட்ட மாதத்தில் பெற்றுக்கொள்ளும் ஏற்பாடு அதில் இல்லை.

அப்படி ஓர் ஏற்பாடு கூடாததா என்றால், கூடாததன்று. அமெரிக்க நாட்டில் 1956 முதல் ஊனமுற்ற தொழிலாளிக்கான காப்பீட்டு உதவி உண்டு. அது நம்முடையதைப் போலன்றி, ஒருவர் சிக்கனமாக வாழப் போதுமான தொகை. ஆகையால் அங்கே வேலைக்குப் போனால் அது நின்றுவிடுமே என்ற அச்சமே பலரை வீட்டில் கட்டிப் போடுகிறது. அந்த அச்சத்தைப் போக்க, உதவி பெறுகிறவர் ஒன்பது மாதம் வேலை செய்து பார்க்கலாம், அதுவரையில் உதவித் தொகை குறையாது என்று விதி வைத்தார்கள். அந்த ஒன்பது மாதமும் தொடர்ந்து வர வேண்டியதில்லை. ஐந்து ஆண்டுக்குள் விட்டுவிட்டு வந்தாலும் சரி. விட்டு விட்டு வரும் நோய்க்கு விட்டு விட்டு வரும் கணக்கு! நம் மாநிலத்தின் 1,500 ரூபாய்க்கும் இப்படி ஒரு விதி வைக்கக் கருவூலம் காலியாகிவிடாது. பூந்தோட்டத்துக்கு ஆறு மாதம் போனவளிடம், போனதற்காக அடுத்த ஆறு மாதத்தையும் பறிக்காமல் இருந்தாலே போதும்.

எல்லைப்புறத்துக்காரர்களுக்கு ஒரு சொல். எங்களில் பலர் வைத்தியத்துக்குச் சுமார் 40 கிலோமீட்டர் தொலைவிலுள்ள நிம்ஹான்ஸுக்குப் போகிறோம். அங்கே கன்னடத்தில் கேட்பார்கள். நாங்கள் தெலுங்கில் பாதியும் தமிழில் பாதியுமாகச் சொல்லுவோம். எப்படியோ நோய் விளங்கிவிடுகிறது. வைத்தியத்துக்கு எல்லை இல்லை. ஊனச் சான்றிதழும் நாடு முழுவதும் செல்லும். மாத ஓய்வூதியத்துக்கு மட்டும் எல்லை உண்டு. அது குடியிருக்கும் மாநிலத்தைச் சார்ந்தது. அத்திப்பள்ளியில் வேலை செய்துகொண்டு தொரப்பள்ளியில் குடியிருப்பவர் எங்கே எழுதிப் போட வேண்டும் என்று குழம்ப வேண்டாம். குடும்ப அட்டை எங்கேயோ அங்கே.

என் வீட்டில் ஒரு தகரப் பெட்டி இருக்கிறது. மருந்துச் சீட்டுகள், ஈ.எஸ்.ஐ. தாள்கள், சான்றிதழ், இரத்தச் சோதனை முடிவுகள் ஆகியவை ஆண்டுவாரியாக அதில் கிடக்கின்றன. 2018 மே மாதம் நடப்புக்கு வந்த மனநலப் பராமரிப்புச் சட்டம், நோய் முற்றும்போது தன்னை எப்படி நடத்த வேண்டும், தனக்காக யார் முடிவு செய்ய வேண்டும் என்று தெளிந்திருக்கும்போதே எழுதி வைக்க உரிமை தருகிறது. நான் எழுதியிருக்கிறேன், என் மனைவியின் பெயரைக் கொடுத்திருக்கிறேன். அதோடு, சட்டத்தில் இல்லாத ஒரு தாளும் அந்தப் பெட்டியில் உண்டு. அது எங்கள் இருவருக்குள் மட்டும் செல்லுபடியாகும் ஒப்பந்தம். நான் எப்போது ராஜினாமாக் கடிதம் எழுதினாலும் அதை அவளிடம் கொடுக்க வேண்டும். அவள் அதை முப்பது நாள் பெட்டியில் வைத்திருப்பாள். முப்பத்தோராம் நாள் காலையில் நன்றாக உறங்கி எழுந்தபின் நான் கேட்டால் திருப்பித் தருவாள். இதுவரை இரண்டு கடிதங்கள் அதில் சேர்ந்திருக்கின்றன.